இருபது கிலோ இழுவையைத் தாங்கும் சின்னத் திருகு

பழைய ஃபெண்டர் பேஸ் கிடார் ஒன்று கண்ணில் பட்டால், முன்பக்கத்தை மட்டும் பார்த்துவிட்டு நகர்ந்துவிடாதீர்கள். கழுத்தின் நுனியில் இருக்கும் தலைப்பகுதியைப் பின்னாலிருந்து பாருங்கள். அங்கே நான்கு பல்சக்கரங்கள் மூடி ஏதும் இல்லாமல் வெளியே தெரியும். ஒவ்வொன்றின் பல்லிலும் ஒரு சின்னத் திருகு பதிந்திருக்கும். திருகின் முனையில், விரல்களால் பிடித்துச் சுழற்ற வசதியாக அகலமான இலை வடிவக் காது. தந்திகளைச் சுருதி சேர்க்கிற இந்தச் சாதனத்தின் பெயர் டியூனர். அந்தக் கிடாரிலேயே எனக்கு மிகவும் பிடித்த பாகம் இதுதான். தான் எப்படி வேலை செய்கிறது என்பதை அது ஒளிக்காமல் காட்டுகிறது.

இந்தக் கிடாரை உருவாக்கியவர் லியோ ஃபெண்டர். அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில், ஃபுல்லர்ட்டன் என்ற ஊரில் ரேடியோ பழுதுபார்க்கும் கடை வைத்திருந்தவர். கிடார் வாசிக்கவே தெரியாதவர்! அவருடைய பிரிசிஷன் பேஸ் 1951-இல் வந்தது, ஜாஸ் பேஸ் 1960-இல். தொடக்க ஆண்டுகளில் டியூனர்களைச் சிகாகோ நகரின் குளூசன் நிறுவனத்திடம் வாங்கிப் பொருத்தினார்கள்.

பேஸ் கிடாருக்கு இவ்வளவு பெரிய டியூனர் எதற்கு? அதன் தந்திகளைப் பார்த்தாலே காரணம் புரியும். பேஸின் மிகத் தடித்த தந்தி ஒரு விநாடிக்கு ஏறக்குறைய 41 முறைதான் அதிர்கிறது. மிக மெல்லியது 98 முறை. இப்படி மெதுவாக அதிர வேண்டுமானால் தந்தி நீளமாக இருக்க வேண்டும், அல்லது கனமாக இருக்க வேண்டும், அல்லது தளர்வாக இருக்க வேண்டும். ரொம்பத் தளர்த்தினால் ஒலி தெளிவாக வராது, தந்தி தொளதொளவென்று ஆடும். அதனால் லியோ நீளத்தை 34 அங்குலமாக வைத்தார். தந்தியின் கனத்தைக் கூட்ட, எஃகுக் கம்பியின் மேல் இன்னொரு கம்பியை நெருக்கமாகச் சுற்றுவார்கள். அப்படிப்பட்ட தடித்த தந்தியை விறைப்பாக நிறுத்த வேண்டுமே! ஒவ்வொரு தந்தியும் டியூனரைச் சுமார் 20 கிலோ அளவுக்கு இழுக்கிறது. ஓர் அரிசிச் சிப்பத்தைக் கட்டித் தொங்கவிட்ட மாதிரி. நான்கு தந்திகளும் சேர்ந்தால் ஓர் ஆளின் எடையை மிஞ்சும் இழுவை.

இரண்டு விரல்களால் இதை எப்படிச் சமாளிக்கிறோம்? காதை ஒரு முழுச் சுற்று சுற்றுங்கள். திருகின் புரி, பல்சக்கரத்தை ஒரே ஒரு பல் அளவுக்குத்தான் நகர்த்தும். சக்கரத்தில் 20 பற்கள் இருந்தால், தந்தியைச் சுற்றும் தண்டு ஒரு முறை சுழல்வதற்குள் உங்கள் விரல் 20 முறை சுற்றியாக வேண்டும். அதிக தூரம் சுற்றுகிறோம், அதற்கு ஈடாகக் குறைந்த பலத்திலேயே வேலை முடிகிறது. உராய்வில் கொஞ்சம் பலம் வீணாகும் என்பது உண்மைதான். ஆனால் அந்த உராய்வுதான் அடுத்த அதிசயத்தையும் செய்கிறது.

காதிலிருந்து கையை எடுத்துவிடுங்கள். அவ்வளவு பலமாக இழுக்கும் தந்தி ஏன் சக்கரத்தைப் பின்னோக்கிச் சுழற்றிவிடவில்லை? திருகின் புரி மிகக் குறைந்த சரிவுடன் வெட்டப்பட்டிருக்கிறது. தந்தி இழுக்கும்போது சக்கரத்தின் பல், புரியின் பக்கவாட்டில் போய் அழுத்துகிறது. அந்த அழுத்தம் திருகை அதன் நீளவாக்கில் தள்ளுமே தவிர, சுழற்றுவதற்குப் போதாது. மிச்சத்தை உராய்வு பிடித்து நிறுத்திவிடும். திருகு சக்கரத்தைச் சுழற்றும், சக்கரத்தால் திருகைச் சுழற்ற முடியாது! பூட்டு, கொக்கி எதுவுமே தேவைப்படாத இந்த அமைப்புக்கு வார்ம் கியர் என்று பெயர்.

பல்லுக்கும் புரிக்கும் நடுவே மயிரிழை இடைவெளி எப்போதும் உண்டு. ஆண்டுக்கணக்கில் தேய்ந்த டியூனரில் அது இன்னும் கூடும். இதனால்தான் அனுபவமுள்ள வாசிப்பாளர்கள் சுருதியை எப்போதும் கீழேயிருந்து மேலே கொண்டுவருவார்கள். சுருதி ஏறிப்போனால், தேவையானதற்கும் கீழே இறக்கிவிட்டு மறுபடி ஏற்றுவார்கள். அப்போதுதான் பல் புரியோடு ஒட்டி நிற்கும். இறக்கும்போதே நிறுத்திவிட்டால், தந்தி அந்த இடைவெளியை மெல்ல இழுத்துக்கொள்ளும், சுருதியும் இறங்கிவிடும். “பழைய டியூனர், சுருதி நிற்கவில்லை” என்று பழி சொல்பவர்கள் முதலில் இதைச் செய்து பார்க்கலாம். புதுத் தந்தி சில நாட்கள் நீண்டுகொடுக்கும் என்பதையும் மறக்கக் கூடாது.

1960-களின் முற்பாதியில் வந்த ஃபெண்டர் பேஸ்கள் பலவற்றில் இன்னொரு விசேஷம் உண்டு. இன்றைய கிடாரில் காதை எந்தப் பக்கம் திருப்பினால் சுருதி ஏறுமோ, அவற்றில் அதே பக்கம் திருப்பினால் இறங்கும். திருகின் புரி வலம்புரியா இடம்புரியா என்பதைப் பொறுத்தே சக்கரம் சுழலும் திசை அமைகிறது. பழக்கமில்லாதவர்கள் முதலில் தடுமாறுவார்கள். அதனால் காதைத் துளியளவு திருப்பிக் காதால் கேட்டுவிட்டு, பிறகு தொடர்வது நல்லது.

வியர்வையும் தூசியும் படிந்து கறுத்த டியூனரைக் கழற்றி எறிந்துவிட்டுப் பளபளப்பான புதியதை மாட்டச் சிலருக்கு ஆசை வரும். எனக்கு அதில் உடன்பாடில்லை. புதியதன் தகடு வேறு அளவில் இருந்தால் மரத்தில் புதிய திருகாணித் துளைகள் போட வேண்டியிருக்கும். போட்ட துளையைப் போடாததாக ஆக்க முடியாது. பழைய கிடார் வாங்குபவர்கள் தலையின் பின்பக்கத்தில் முதலில் தேடுவதே அடைக்கப்பட்ட துளைகளையும், முந்தைய தகடு மரத்தில் விட்டுப்போன அச்சையும்தான். பெரும்பாலும் ஒரு பழைய பல்துலக்கியும் ஒரு துளி எண்ணெயும் போதும். பற்களுக்கு நடுவே இறுகிய அழுக்கைத் தேய்த்து எடுத்து, எண்ணெயைத் திருகின் மேல் மட்டும் வைத்து, காதை முன்னும் பின்னும் சில சுற்றுகள் சுழற்றினால், இறுகிக் கிடந்த சக்கரம் மறுபடி இலகுவாகத் திரும்பும்.