சின்னப் படகுக்கு எத்தனை குதிரைச்சக்தி?

திருவனந்தபுரம் ஆரியசாலைக் கோயிலில்தான் நவராத்திரிக்கு வரும் வேளிமலைக் குமாரசுவாமி தங்குகிறார். விழா முடிந்ததும் சுவாமி குமரி மாவட்டத்துக்குத் திரும்பிவிடுகிறார். பிழைக்க வந்த குமரிக்காரர்களோ சாலைக் கடைவீதியில் கணக்கெழுதியும் சுமை தூக்கியும் இங்கேயே தங்கிவிட்டார்கள். அவர்களில் கடற்கரைக் குடும்பங்களில் பெண் கொடுத்தவர்களும் எடுத்தவர்களும் உண்டு. "அத்தான், படகுக்கு எஞ்சின் வாங்க வேண்டும், கொஞ்சம் உதவுங்கள்" என்று முட்டத்திலிருந்தோ குளச்சலிலிருந்தோ சேதி வந்தால், பிராவிடண்டு பண்டில் கடனுக்கு எழுதிப் போடுவது இங்குள்ள குமாஸ்தாதான். அந்தப் பணம் கரை சேருமா, கடலில் கரையுமா என்பது வாங்கும் எஞ்சினைப் பொறுத்தது.

மரம் போய்ப் படகு வந்தது

கட்டுமரம் என்பது பெயருக்கேற்பக் கட்டைகளைக் கயிற்றால் பிணைத்தது. எஞ்சினை மாட்ட அதில் பின்பலகை கிடையாது. 1980-களில் பியர் ஜில்லே என்பவரின் முயற்சியால் முட்டத்தில் பிளைவுட் படகுகள் கட்டப்பட்டன. பலகைகளைக் கம்பியால் தைத்து, பசையும் கண்ணாடி இழையும் கொண்டு ஒட்டும் முறை அது. 1980-ல் தோன்றி, திருவனந்தபுரத்தைத் தலைமையிடமாகக் கொண்ட தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பு இப்படகுகளைப் பரப்பியது. இலேசான படகு என்பதால் அலையடிக்கும் கரையிலிருந்து ஆட்களே தள்ளி இறக்கலாம்.

இலேசான படகுக்கு எஞ்சினும் இலேசாக இருக்க வேண்டும். 8 குதிரைச்சக்தி எஞ்சினைக் கழற்றி ஒருவர் தோளில் சுமந்து வரலாம். 25 என்றால் இரண்டு பேர் வேண்டும். பின்பக்கம் பாரம் கூடினால் படகின் பின்புறம் அமிழும்; அலையைக் கடக்கையில் தண்ணீர் உள்ளே ஏறும்.

வேகத்துக்கு ஓர் எல்லை

"பெரிய எஞ்சின் போட்டால் இரட்டை வேகம்" என்ற எண்ணம் பலருக்கு உண்டு. இது சரியல்ல. பாரத்தோடு நீரைக் கிழித்துச் செல்லும் படகுக்கு அதன் நீளமே வேக எல்லை. நீரில் பதியும் நீளத்தை அடியில் அளந்து, அதன் வர்க்கமூலத்தை 1.34-ஆல் பெருக்கினால் மணிக்கு எத்தனை கடல்மைல் என்று வரும். 16 அடிக்கு சுமார் 5.4 கடல்மைல், அதாவது 10 கிலோமீட்டர். 25 அடிக்கு சுமார் 12 கிலோமீட்டர். அதற்கு மேல் சக்தியைக் கூட்டினால் அலைதான் பெரிதாகும். வெறும் படகு நீர்மேல் எழும்பிப் பறக்கலாம். வலையும் ஐஸும் ஆட்களும் ஏறிய பிறகு அது எளிதல்ல.

தண்டின் நீளம்

பின்பலகை 15 அங்குல உயரமானால் குட்டைத் தண்டு, 20 அங்குலமானால் நீளத் தண்டு. விசிறிக்குச் சற்று மேலே உள்ள தகடு, படகின் அடிமட்டத்துக்கு ஓர் அங்குலம் கீழே நின்றால் போதும். மேலே நின்றால் விசிறி காற்றை இழுத்து வீணே சுழலும். கீழே போனால் இழுவை கூடும். கரையில் மணலில் இடிக்கும். பாரப் படகுக்குப் புரி குறைந்த விசிறியே ஏற்றது.

மண்ணெண்ணெய்க் கணக்கு

எஞ்சின் விலை ஒருமுறைச் செலவு. எரிபொருளோ தினச் செலவு. முழு வேகத்தில் ஒரு குதிரைச்சக்திக்கு மணிக்குச் சுமார் அரை லிட்டர் என்று கொள்ளலாம். 10 குதிரைச்சக்தி எஞ்சின் 4 மணி நேரத்தில் 20 லிட்டர் குடிக்கும்; 25 குதிரைச்சக்தி 50 லிட்டர் குடிக்கும். பெர்மிட்டில் கிடைப்பது தீர்ந்தால் வெளிச்சந்தை விலைதான். மீன்பாடு இல்லாத நாளிலும் இந்தச் செலவு நிற்காது. அந்த 30 லிட்டர் வித்தியாசத்தில்தான் பல குடும்பங்கள் கடனாளியாகின்றன.

மண்ணெண்ணெய்க்கென்றே செய்த எஞ்சினாகவும் பார்க்க வேண்டும். பெட்ரோல் எஞ்சினில் அதை ஊற்றினால் தட்டல் உண்டாகி பிஸ்டன் கெடும். பெட்ரோலில் கிளப்பி, சூடானபின் மண்ணெண்ணெய்க்கு மாற்றி, நிறுத்துமுன் மீண்டும் பெட்ரோலுக்கு மாற்றுவதே முறை. கரை வந்ததும் நல்ல தண்ணீர் விட்டு உப்பைக் கழுவ வேண்டும்.

ஆகவே பணம் அனுப்புமுன் மச்சினனிடம் நான்கு கேள்விகள் கேட்பது நலம்: படகு எத்தனை அடி? பின்பலகை எத்தனை அங்குலம்? நாளொன்றுக்கு எத்தனை மணி நேரம் ஓடும்? உதிரிபாகமும் மெக்கானிக்கும் பக்கத்தில் உண்டா? இவற்றுக்கு விடை வந்த பிறகு குதிரைச்சக்தியைப் பேசினால், வட்டி கட்டுபவருக்கும் கடலுக்குப் போகிறவருக்கும் நிம்மதி.