நீலத்துக்குள் வெள்ளை

முட்டி கிழிந்த ஜீன்ஸுடன் ஆதம்பாக்கத்தில் எங்கள் தெருமுனை டெய்லரிடம் போனேன். துண்டுத்துணி மூட்டையை அவிழ்த்து, பழைய ஜீன்ஸ் துண்டுகளை ஒவ்வொன்றாகக் கிழிசல்மேல் வைத்துப் பார்த்தார். எதுவும் சேரவில்லை. “ஒரு ஜீன்ஸ் நீலம் இன்னொண்ணுக்கு வராது சார்” என்றார்.

ஏன் வராது? அந்த நீலத்தின் மூலச் செடியான அவுரியைக் கேட்க வேண்டும்.

அவுரி இலையில் நீலமே கிடையாது. இண்டிகன் என்ற நிறமற்ற பொருள்தான் இருக்கிறது. இலையைத் தொட்டித் தண்ணீரில் ஊறப்போட்டு, நொதித்த நீரை அடித்துக் கலக்கினால், காற்றின் ஆக்சிஜன் பட்டு நீலம் பிறந்து அடியில் படியும். அதைக் காயவைத்தால் நீலக்கட்டி. திண்டிவனம் பக்கம் இன்றும் இது நடக்கிறது.

நீலக்கட்டி தண்ணீரில் கரையாது. ஆகவே சாயத்தாழியில் சுண்ணாம்பும் தகரை விதையும் சேர்த்துப் புளிக்கவைப்பார்கள். நுண்ணுயிர்களின் வேலையால் நீலம் நிறம் மாறிக் கரையும். அதில் முக்கியெடுத்த துணி மஞ்சள் கலந்த பச்சையாக வெளியே வரும். காற்றுப் பட்டதும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே நீலமாகும். முக்க முக்க நிறம் ஏறும்.

ஆனால் இந்தச் சாயம் நூலோடு இறுகப் பிணைவதில்லை. பெரும்பாலும் மேற்பரப்பிலேயே தங்குகிறது. ஜீன்ஸ் நூலைப் பிரித்துப் பாருங்கள், நடுவில் வெள்ளை. உரசும் இடமெல்லாம் அந்த வெள்ளை எட்டிப் பார்க்கும். உட்காரும் விதமும் துவைக்கும் கல்லும் சேர்ந்து ஆளுக்கொரு நீலத்தை உண்டாக்குகின்றன. 1897இல் ஜெர்மனியின் பிஏஎஸ்எஃப் சந்தைக்குக் கொண்டுவந்த செயற்கை நீலமும் இதே மூலக்கூறுதான், குணமும் அதுவே.

ஜப்பானின் ‘போரோ’ துணிகளின் அழகு இந்தத் தேய்மானத்தில் இருக்கிறது. வடக்கே அவோமோரியின் குளிரில் பருத்தி விளையாது. கப்பலில் வந்த பழந்துணித் துண்டுகளை ஏழைக் குடியானவப் பெண்கள் ஒட்டின்மேல் ஒட்டாக வைத்து, நெருக்கமாக நூலோட்டித் தைத்தார்கள். ஒரே போர்வையில் கருநீலம் முதல் வெளிர்நீலம்வரை பல சாயல்கள். வறுமையின் அடையாளமென்று வெட்கப்பட்டவற்றை, தனாகா சூசாபுரோ என்ற ஆய்வாளர் தேடிச் சேர்த்தார். இன்று அவை அருங்காட்சியகப் பொருள்கள்.

ஜப்பானுக்கும் நமக்கும் துணியில் பழைய உறவு உண்டு. எடோ காலத்தில் சோழமண்டலக் கரையிலிருந்து போன கோடுபோட்ட பருத்தித் துணியை அவர்கள் ‘சாந்தோமே’ என்றார்கள். நம் சாந்தோம்தான் அது. அதைப் பார்த்து அங்குள்ள நெசவாளர்களும் நெய்யத் தொடங்கினார்கள்.

டெய்லர் கடைசியில் ஒரு கருநீலத் துண்டை எடுத்தார். “தெரியாம இருக்க நீல நூல் போட்டுடவா?”

“வெள்ளையே போடுங்க” என்றேன்.