உங்களுக்குத் தெரியுமா? உறைமண் மேல் ஒரு சாலை!

கனடாவின் வடமேற்கே, டாசன் சிட்டி அருகிலிருந்து இனுவிக் வரை போகும் டெம்ப்ஸ்டர் நெடுஞ்சாலை சுமார் 740 கி.மீ. நீளம். பெரும்பாலும் சரளைதான். அடியில் இருப்பது ஆண்டு முழுக்க உறைந்தே கிடக்கும் மண். அது உருகினால் சாலை அமிழ்ந்துவிடும். அதனால் ஒரு மீட்டருக்கும் மேல் சரளை கொட்டி, கோடை வெயிலின் சூடு கீழே இறங்காதபடி மெத்தைபோல் அமைத்திருக்கிறார்கள். எவ்வளவு அருமையான யோசனை!

ஜூன் மாதம் கூடாரத்தோடு போனால், ஆர்க்டிக் வட்டம் தாண்டியதும் நள்ளிரவிலும் சூரியன். தூங்கக் கண்ணுக்குத் துணி கட்ட வேண்டும். பீல், மெக்கன்சி ஆறுகளில் பாலமில்லை. வண்டியோடு படகில்தான் கடக்க வேண்டும்.

ஈகிள் பிளெய்ன்ஸ் வரை முதல் 370 கி.மீ.க்குப் பெட்ரோல் பங்க் கிடையாது. டேங்கை நிரப்பி, இரண்டு ஸ்டெப்னியோடு கிளம்புங்கள்.