காடியில் ஊறும் காய்கறிகள்

ஊறுகாய் என்றதும் நாவில் நீர் ஊறாதவர் உண்டோ? மாங்காய், எலுமிச்சை, நாரத்தை என்று நம் இல்லத்துப் பீங்கான் ஜாடிகள் ஆண்டு முழுதும் நிறைந்தே இருக்கின்றன. காரட், பீன்ஸ், காலிஃபிளவர் ஆகியவற்றையும் அவ்வாறே பாட்டிலில் அடைத்து மாதக்கணக்கில் வைக்கலாமா? வைக்கலாம், ஆனால் அதே முறையில் அன்று.

மாங்காயும் எலுமிச்சையும் இயல்பிலேயே புளிப்பானவை. அப்புளிப்போடு உப்பும் வெயிலும் சேர்ந்து அவற்றைக் காக்கின்றன. காரட்டுக்கு அந்தப் பேறு இல்லை. மண்ணில் உள்ள கிளாஸ்டிரிடியம் பொட்டுலினம் என்னும் நுண்ணுயிரின் வித்துகள் கொதிநீரிலும் சாவதில்லை. காற்றுப் புகாத பாட்டிலோ அவை வளர்வதற்கு ஏற்ற இடம். அவை உண்டாக்கும் நஞ்சு நரம்புகளைத் தாக்கி மூச்சையே நிறுத்த வல்லது. "கெட்டால் வாசனையே சொல்லிவிடும்" என்று பாட்டிமார் கூறுவர். இந்த நஞ்சு மணத்தாலோ நிறத்தாலோ தன்னைக் காட்டிக்கொள்ளாமலும் இருக்கும். அமிலத்தைக் குறிக்கும் பி.எச். எண் 4.6-க்கு மேற்படாமல் இருந்தால் அவ்வித்துகள் முளைப்பதில்லை. அந்தக் காவலைத் தருவது காடி, அதாவது வினிகர். அமிலம் 5 சதவீதம் என்று அச்சிட்டதையே வாங்க வேண்டும்.

நறுக்கிய காய் 1 கிலோவுக்குக் காடி 1 லிட்டர், தண்ணீர் 200 மில்லி, சர்க்கரை 300 கிராம், உப்பு 2 தேக்கரண்டி எடுத்துக்கொள்வோம். கடுகு, மிளகு, பட்டை, கிராம்பு, வற்றல் மிளகாய் ஆகியவற்றை மெல்லிய துணியில் முடிந்து காடியில் இட்டுக் கொதிக்க விடுவோம். செம்பு, பித்தளை, அலுமினியப் பாத்திரங்களைக் காடி அரிக்கும், எவர்சில்வரே நல்லது. காரட், பீன்ஸைப் போட்டு அரைவேக்காடு ஆனதும், காலிஃபிளவரைக் கடைசியில் சேர்த்து இறக்கலாம். புளிப்பு மிகுதி என்று தோன்றினால் சர்க்கரையைக் கூட்டலாம், காடியைக் குறைக்கலாகாது. தாளித்த எண்ணெயும் வேண்டாம். அது காயின்மேல் படிந்து காடியை உள்ளே விடாது. பரிமாறும்போது தாளித்துக் கொட்டினால் யார் தடுப்பார்?

சூடான பாட்டிலில் சூடாகவே நிரப்பி, மேலே அரை அங்குலம் இடம் விட்டு, விளிம்பைத் துடைத்து மூட வேண்டும். அடியில் துணி விரித்த பெரிய பாத்திரத்தில், மூடிக்கு மேல் ஓர் அங்குலம் நீர் நிற்க, கொதி வந்தபின் 15 நிமிடம் வைக்க வேண்டும். உதகை, கொடைக்கானல் தோழியர் 25 நிமிடம் வைக்க வேண்டும். மலையில் நீர் குறைந்த சூட்டிலேயே கொதித்துவிடும் அல்லவா? பாட்டிலில் அடைத்துக் கொதிநீரில் இடும் இம்முறையை 1810-இல் நூலாக வெளியிட்டவர் பிரான்சு நாட்டு மிட்டாய்க்காரர் நிக்கோலா அப்பேர். உணவு ஏன் கெடவில்லை என்பது அவருக்கே தெரியாது. அதை விளக்கப் பின்னர் லூயி பாஸ்டர் வர வேண்டியிருந்தது.

பழைய பாட்டில் உதவும், பழைய மூடி உதவாது. புது மூடி கிடைக்காவிட்டால் அடைத்து வைக்கும் ஆசையை விட்டு, குளிர்பெட்டியில் வைத்துச் சில வாரங்களில் உண்டுவிடலாம். ஆறிய பின் மூடியின் நடுப்பகுதி உட்குழிந்திருந்தால் நன்றாக அடைபட்டிருக்கிறது என்று பொருள். சுவை ஏற மூன்று நான்கு வாரம் பொறுக்க வேண்டும். பூண்டு சேர்த்திருந்தால் அது சில வேளை பச்சையாகவோ நீலமாகவோ மாறும். அதற்கு அஞ்ச வேண்டாம். மூடி உப்பியிருந்தாலோ, திறக்கும்போது நுரைத்தாலோ, ஒரு துளியும் நாவில் வைக்காமல் பாட்டிலோடு எறிந்துவிட வேண்டும்.