தலைக்கு வந்தது தலைக்கவசத்தோடு போகட்டும்

பத்துமலையின் 272 படிகளைக் கவனமாக ஏறி இறங்கும் பலர், கீழே வந்ததும் தலைக்கவசத்தின் வாரை மாட்டாமலே மோட்டார் சைக்கிளைக் கிளப்புகின்றனர். அருகிலுள்ள எம்.ஆர்.ஆர்.2 சாலையிலோ மகிழுந்துகளும் கனவுந்துகளும் விரைந்து கொண்டிருக்கின்றன. மலேசியச் சாலை விபத்துகளில் உயிரிழப்போரில் பாதிக்கும் மேற்பட்டோர் மோட்டார் சைக்கிளில் சென்றவர்களே. பதினாறு வயதிலேயே இதற்கான உரிமம் பெற முடியும் என்பதால், பாதுகாப்புக் கவசங்களைத் தேர்ந்தெடுக்கும் முறையை மாணவர்கள் அறிந்திருப்பது அவசியமாகும்.

தலைக்கவசம் எவ்வாறு உயிர் காக்கிறது? அதன் கடினமான வெளி ஓடு, மோதலின் விசையை ஓரிடத்தில் குவியவிடாமல் பரப்புகிறது. உள்ளேயுள்ள தடித்த நுரை அடுக்கு நசுங்கி, அவ்விசையை உள்வாங்குகிறது. இதனால் மூளைக்குச் செல்லும் அதிர்ச்சி குறைகிறது. நசுங்கிய நுரை பழைய நிலைக்குத் திரும்பாது. எனவே, விபத்துக்குள்ளான தலைக்கவசம் வெளியே புதிதுபோல் தோன்றினாலும் அதை மீண்டும் அணியக்கூடாது. பிறர் பயன்படுத்தியதை வாங்குவதும் நல்லதன்று.

இவ்வுண்மை எளிதில் உணரப்படவில்லை. 1935ஆம் ஆண்டு, ‘அரேபியாவின் லாரன்ஸ்’ என்று புகழ்பெற்ற டி. இ. லாரன்ஸ் இங்கிலாந்தில் மோட்டார் சைக்கிள் விபத்தில் தலையில் அடிபட்டு இறந்தார். அவருக்குச் சிகிச்சையளித்த மருத்துவர்களுள் ஒருவரான ஹியூ கேர்ன்ஸ், பின்னர் இராணுவ மோட்டார் சைக்கிளோட்டிகளின் தலைக்காயங்களை ஆராய்ந்து, தலைக்கவசத்தின் பயனை 1941இல் வெளியிட்டார். மலேசியாவில் 1973ஆம் ஆண்டு தலைக்கவசம் கட்டாயமாக்கப்பட்டது.

தலைக்கவசம் வாங்கும்போது நிறத்தையும் விலையையும் பார்ப்பதற்கு முன், ‘சிரிம்’ தரச்சான்று முத்திரை உள்ளதா எனப் பார்க்க வேண்டும். அடுத்து, அதை அணிந்து வாரை மாட்டித் தலையை இருபுறமும் அசைத்துப் பார்க்க வேண்டும். கவசம் தலையோடு சேர்ந்தே அசைய வேண்டும். பின்புறத்திலிருந்து மேல்நோக்கித் தள்ளினாலும் அது கழன்றுவிடக்கூடாது. தளர்வான கவசமும் வார் மாட்டாத கவசமும் மோதும் நொடியில் தலையை விட்டுப் பறந்துவிடும். கருமையான முகக்கண்ணாடி இரவிலும் மழையிலும் பார்வையை மறைக்கும். தெளிந்த கண்ணாடியே சிறந்தது. பின்னால் அமர்பவருக்கும் அவரது தலைக்கேற்ற கவசம் தேவை.

தலையை மட்டும் காத்தால் போதாது. கீழே விழுபவர் இயல்பாகவே கைகளை ஊன்றுவார். அப்போது கையுறை உள்ளங்கையைக் காக்கும். கணுக்காலை மூடும் காலணி தரும் பாதுகாப்பைச் செருப்பு தராது. நம் நாட்டில் வெயிலுக்காகவும் காற்றுக்காகவும் மேற்சட்டையை முன்பின்னாக மாற்றி அணிவோர் பலர். அவ்வாறு அணிந்தால் முதுகுப்புறம் திறந்தே இருக்கும். தார்ச்சாலையில் சறுக்கும்போது முதுகு சிராய்க்கும். ஆகவே, தடித்த துணியாலான மேற்சட்டையை முறையாக அணிந்து பூட்டுவதே நன்று. ஒளியைப் பிரதிபலிக்கும் பட்டைகள் இருந்தால், இரவில் பிற ஓட்டுநர்கள் தொலைவிலிருந்தே கண்டுகொள்வர்.

“பக்கத்துக் கடைக்குத்தானே!” என்று பலர் இவற்றைத் தவிர்க்கின்றனர். விபத்து தூரம் பார்த்து வருவதில்லை. ‘தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று’ என்பது பழமொழி. தலைக்கு வருவது தலைக்கவசத்தோடு போக வேண்டுமெனில், அது தலையில் பொருத்தமாக இருக்க வேண்டும். அதன் வாரும் மாட்டப்பட்டிருக்க வேண்டும்.