உள்ளங்கால் கணக்கு!

ஒண்ணாந்தேதி சம்பளத்தை மறக்காத சிங்கங்களே, உங்கள் உள்ளங்காலைக் கடைசியாக எப்போது பார்த்தீர்கள்?

எழுமலையில் என் பெரியப்பாவைக் கேட்டேன். "முள்ளு தைச்சா பாப்பேன்டா" என்றார். வயலில் வெறுங்காலோடு நடக்கிற மனுஷர். கறுப்பாக ஏதாவது தெரிந்தாலும் முள் தழும்பு என்று விட்டுவிடுவார்.

விஷயம் இருக்கிறது. மெலனோமா என்பது தோலுக்கு நிறம் தரும் செல்களில் வரும் புற்றுநோய். வெள்ளைத் தோல்காரர்களுக்குத்தான் அதிகம். நம்மிடம் அபூர்வம். ஆனால் வந்தால், வெயிலே படாத உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தடி என்று ஒளிந்து உட்காரும். ஜமைக்கா பாடகர் பாப் மார்லிக்கு 1977-ல் கால் கட்டைவிரல் நகத்தடியில் கண்டுபிடித்தார்கள். 1981-ல் இறந்தபோது வயசு 36.

கண்டுபிடிக்கக் கருவி இல்லையா? இருக்கிறதே! நான் பி.காம். ஆசாமி, பலன் இருக்கட்டும், செலவு என்ன என்றுதான் முதலில் கேட்பேன். 2011-ல் அமெரிக்காவில் 'மெலாஃபைண்ட்' என்ற படக்கருவிக்கு அரசு அனுமதி கிடைத்தது. 100 மெலனோமாவில் 98-ஐப் பிடித்துவிடும். அடேங்கப்பா! ஆனால் சந்தேகப்பட்டுக் காட்டிய சாது மச்சங்கள் 100-ல் 90-ஐயும் 'வெட்டிப் பார்' என்றது. ஒவ்வொரு வெட்டுக்கும் டாக்டர் பீஸ், லேப் பீஸ், தையல், ரிசல்ட் வரும்வரை தூக்கம் போச்சு. ஒரு திருடனுக்காகத் தெருவையே லாக்கப்பில் போடுகிற ஏட்டையா மாதிரி! சில வருஷங்களில் கருவி கடையைக் கட்டியது.

நம் காலுக்கு ஏற்றது டெர்மோஸ்கோப். ஒரு லென்ஸ், ஒரு லைட், அவ்வளவுதான். நகை ஆசாரியின் பூதக்கண்ணாடிக்கு அண்ணன். ஒரு தடவை வாங்கினால் வருஷக்கணக்கில் ஓடும்.

உள்ளங்கால் ரேகையை உற்றுப் பாருங்கள். வயல் மாதிரி வரப்பும் வாய்க்காலும் தெரியும். கறுப்பு நிறம் வாய்க்காலில் ஓடினால் பெரும்பாலும் சாதா மச்சம். வரப்பில் ஏறினால் வில்லங்கம்! ஜப்பானிய டாக்டர்கள் 2004-ல் வெளியிட்ட ஆய்வில், மெலனோமாக்களில் 86 சதவீதத்தில் இந்த வரப்பு அடையாளம் இருந்தது. சாது மச்சங்களில் வெறும் 1 சதவீதம்.

அதற்காக எழுமலையில் எல்லார் காலையும் தூக்கிப் பார்க்கக் கிளம்ப வேண்டாம். அபூர்வ நோய்க்கு ஊரையே சலிப்பது சுத்த நஷ்டம். வீட்டில் குளிக்கும்போது கண்ணால் பார்ப்பதற்குச் செலவு பூஜ்யம். புதிதாக வந்து பெரிசாகும் கரும்புள்ளி, நகத்தில் அகலமாகும் கறுப்புக் கோடு, ஆறாத புண் இருந்தால் மட்டும் டாக்டர். அவரும் சந்தேகப்பட்டால் சதை எடுத்துச் சோதிப்பதுதான் முடிவான தீர்ப்பு. ஆரம்பத்திலேயே பிடித்தால் ஒரு ஆபரேஷனோடு போகக்கூடியது, பரவினால் விலையுயர்ந்த ஊசிகள் வரை இழுக்கும்.

மதுரை ராஜாஜி அரசு மருத்துவமனையில் தோல் பிரிவு இருக்கிறது. உசிலம்பட்டி வழியாகப் பஸ். பெரியப்பாவை அடுத்த வாரம் கூட்டிப் போகிறேன். 'செருப்புப் போட்டுட்டு வரணுமா?' என்று இப்போதே கவலைப்படுகிறார்.