பெண்டிர் கேட்ட ஒரு நாள்



மதீனா மாநகரில், பெருமானார் (ஸல்) அவர்களின் திருச்சபையில் ஆண்கள் எந்நேரமும் திரண்டிருப்பது வழக்கம். வணிகர் வருவர், உழவர் வருவர், தொலைதூரக் குலத்தாரின் தூதர் வருவர். அவர்கள் கேட்பனவற்றுக்கெல்லாம் அண்ணலார் விடை பகர்வார்கள். இந்நிலையில் ஒரு சமயம் பெண்கள் சிலர் ஒரு முறையீட்டோடு வந்தனர். ஆண்கள் முந்திக்கொள்வதால் நபியவர்களிடம் பாடம் கேட்கும் வாய்ப்புத் தங்களுக்குக் கிட்டவில்லை என்றும், ஆதலின் தங்களுக்கென ஒரு நாளை ஒதுக்கித் தரவேண்டும் என்றும் வேண்டிக்கொண்டனர். அண்ணலார் முகம் சுளிக்கவில்லை, காரணம் கேட்கவில்லை. ஒரு நாளைக் குறித்தார்கள். அந்நாளில் அவர்களைச் சந்தித்து உபதேசம் புரிந்தார்கள்.

அன்றைய உபதேசத்தில் ஒரு செய்தி உண்டு. மூன்று மக்களை இழந்த தாய்க்கு அம்மக்களே நரக நெருப்பைத் தடுக்கும் திரையாவர் என்று அண்ணலார் ஆறுதல் கூறினார்கள். உடனே ஒரு பெண்மணி, இருவரை மட்டும் இழந்தவளின் நிலை யாது என்று வினவினார். இருவராயினும் அவ்வாறே என்று விடை கிடைத்தது. ஹஜ்ரத் அபூ ஸயீத் அல்குத்ரீ (ரலி) அவர்கள் அறிவிக்கும் இச்செய்தியை இமாம் புகாரீ (ரஹ்) அவர்கள் தம் ஹதீஸ் தொகுப்பில், கல்வியைப் பற்றிய பகுதியிலேயே இடம்பெறச் செய்துள்ளார்கள்.

வாசகர்கள் இங்கே சற்று நின்று சிந்திக்க வேண்டும். அப்பெண்கள் கல்வி கற்க அனுமதி கேட்கவில்லை. அனுமதி முன்பே இருந்தது. பொருள் கேட்கவில்லை, பட்டம் கேட்கவில்லை. அவர்கள் கேட்டது நேரம். ஒரே ஒரு நாள்! அந்த நாள் கிடைத்ததால் ஒரு கேள்வி பிறந்தது. ஆண்கள் நிறைந்த சபையில் அந்தக் கேள்வி எழுந்திருக்குமா? எழாமற் போயிருந்தால், பிள்ளையைப் பறிகொடுத்த எத்தனையோ தாய்மார்கள் பதினான்கு நூற்றாண்டுகளாகப் பெற்றுவரும் ஆறுதலின் ஒரு பகுதி இவ்வுலகுக்குக் கிட்டியிருக்குமா?

இந்த 'ஒரு நாளின்' மதிப்பை நன்கு உணர்ந்துகொள்ள, நம் மார்க்கத்தோடு எத்தொடர்பும் இல்லாத ஒரு பல்கலைக்கழகத்தில், நம் காலத்திற்குச் சற்று முன்னர் நிகழ்ந்த ஒரு முயற்சியை இன்று எடுத்துக்கொள்வோம். ஞானம் இறைவிசுவாசியின் தொலைந்துபோன பொருள். அதனை எங்கே கண்டாலும் எடுத்துக்கொள்ள அவன் உரிமை உடையவன் என்பது நம் பெரியோர்கள் நமக்குக் கற்றுத்தந்த பாடமன்றோ!

கொடுத்தவர் பெண்; கதவோ அடைப்பு

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் கேம்பிரிட்ஜ் என்னும் நகரில் உள்ளது ஹார்வர்டு பல்கலைக்கழகம். 1636ஆம் ஆண்டில் தோன்றியது. அங்கே மாணவர்க்கான முதல் உதவித்தொகை நிதி 1643ஆம் ஆண்டில் அமைந்தது. அதற்கென 100 பவுன் பொருளை ஈந்தவர், இலண்டனில் வாழ்ந்த ஆன் ராட்கிளிஃப் என்னும் பெண்மணி. ஆயினும் அந்த நிதியில் பயில எந்தப் பெண்ணுக்கும் இடமில்லை. இருநூறு ஆண்டுகளுக்கு மேல் இந்நிலை நீடித்தது.

1879ஆம் ஆண்டில்தான், ஹார்வர்டின் ஆசிரியர்கள் ஆண்களுக்கு நடத்திய பாடங்களையே பெண்களுக்கும் தனியே நடத்தும் ஏற்பாடு தொடங்கிற்று. 1894ஆம் ஆண்டில் அது ஒரு கல்லூரியாயிற்று. அந்தப் பழைய கொடையாளரின் நினைவாக ராட்கிளிஃப் கல்லூரி எனப் பெயர் பெற்றது. அதன் பின்னரும் பெண்களுக்கு ஹார்வர்டு தன் பெயரால் பட்டம் வழங்க 1963 வரை ஆயிற்று. லமாண்ட் என்னும் மாணவர் நூலகத்தின் கதவு பெண்களுக்குத் திறக்க 1967 வரை ஆயிற்று. உலகம் போற்றும் அறிவுக்கூடத்திலேயே நிலைமை இதுவாயின், மற்ற இடங்களைப் பற்றிச் சொல்லவும் வேண்டுமோ?

ஒரு கைம்பெண்ணின் சிந்தனை

1960ஆம் ஆண்டில் இந்தக் கல்லூரியின் தலைமைப் பொறுப்பை ஏற்றவர் மேரி பண்டிங் என்னும் அம்மையார். நுண்ணுயிரியல் அறிஞர். நான்கு மக்களின் தாய். 1954ஆம் ஆண்டில் கணவரை இழந்தவர். பிள்ளைகளை வளர்த்த காலத்தில், நாளின் ஒரு பகுதியை மட்டும் ஆய்வுக்கூடத்தில் செலவிட்டு விஞ்ஞானப் பணியை விடாது காத்துக்கொண்டவர். வீடும் அறிவும் ஒன்றையொன்று அழிக்க வேண்டியதில்லை என்பதை அவர் எந்த நூலிலும் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை; வாழ்ந்தே அறிந்திருந்தார்.

1957ஆம் ஆண்டில் ரஷ்யா ஸ்புட்னிக் என்னும் செயற்கைக்கோளை விண்ணில் ஏவிய பின்னர், அமெரிக்கா தன் அறிவாற்றல் எங்கே வீணாகிறது என்று தேடத் தொடங்கிற்று. அந்தத் தேடலில் ஈடுபட்ட ஒரு குழுவில் பண்டிங் அம்மையாரும் அமர்ந்திருந்தார். பள்ளியில் மிகச் சிறந்து விளங்கியும் கல்லூரிக்குச் செல்லாது நின்றுவிட்டவர்களில் மிகப் பெரும்பான்மையோர் பெண்கள் என்னும் உண்மை அங்கே அவர் கண்ணில் பட்டது. அதனினும் அவரைத் திடுக்கிடச் செய்தது ஒன்று உண்டு. உடனிருந்த அறிஞர்கள் எவரும் அதனைப் பெரிதாகக் கருதவில்லை! பெண்களைக் கற்க வேண்டாமென்று தடுத்தவர் எவருமில்லை. ஆனால் கற்று எதனையேனும் சாதிப்பார்கள் என்று எதிர்பார்த்தவரும் எவருமில்லை. தடையைக் காட்டிலும் இந்த எதிர்பார்ப்பின்மையே கொடியது என்று அவர் கண்டார்.

அறை, தொகை, அவகாசம்

1960ஆம் ஆண்டு நவம்பர் திங்களில் அவர் ஒரு திட்டத்தை அறிவித்தார். சுயேச்சை ஆராய்ச்சிக்கான ராட்கிளிஃப் நிலையம் என்று அதனைச் சொல்லலாம். 1961ஆம் ஆண்டு இலையுதிர் காலத்தில் 24 பெண்களுடன் அது தொடங்கிற்று. அவர்களுக்குக் கொடுக்கப்பட்டவை எவை? ஆண்டுக்கு 3,000 டாலர் வரை உதவித்தொகை. அமர்ந்து பணி செய்ய ஓர் இடம். ஹார்வர்டின் நூலகங்களைப் பயன்படுத்தும் உரிமை. தம் பணியைப் பற்றி ஒருவருக்கொருவர் எடுத்துரைக்கும் அவைக்கூட்டங்கள். இவ்வளவே. தேர்வு இல்லை, வகுப்பு இல்லை. தொகையைக் கொண்டு குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் அமர்த்தினாலும் ஏனென்று கேட்பாரில்லை. அந்நிலையம் விலை கொடுத்து வாங்கித் தந்த பொருள் ஒன்றே ஒன்று, அது அவகாசம்.

சேர்வதற்குரிய தகுதியையும் கவனியுங்கள். டாக்டர் பட்டம் வேண்டும், அல்லது அதற்கு ஈடான சாதனை வேண்டும் என்றனர். அந்த இரண்டாம் வாயில் வழியே நுழைந்தவர்கள் பலர். ஆன் செக்ஸ்டன் என்னும் கவிஞர் கல்லூரிப் பட்டமே பெறாதவர். இரு பெண் குழந்தைகளின் தாய். அவரும் அவர் தோழி மாக்சின் குமினும் முதல் ஆண்டிலேயே இடம் பெற்றனர். முன்னவர்க்கு 1967ஆம் ஆண்டிலும் பின்னவர்க்கு 1973ஆம் ஆண்டிலும் புலிட்சர் பரிசு கிடைத்தது.

1962ஆம் ஆண்டில் வந்து சேர்ந்தார் டில்லி ஓல்சன். உழைப்பாளர் குடும்பத்தில் பிறந்தவர். நான்கு பெண் மக்களை வளர்த்தவர். வயிற்றுப் பிழைப்புக்காகப் பலவகை வேலைகள் செய்தவர். எழுதத் தொடங்கிய இளமைக்கும் எழுத வாய்த்த நடுவயதுக்கும் இடையே நெடுங்காலம் அவர் பேனா உறங்கிற்று. நிலையத்தின் அவையில் பேசும் முறை வந்தபோது, அவர் எழுதப்பட்ட நூல்களைப் பற்றிப் பேசவில்லை. எழுதப்படாமற்போன நூல்களைப் பற்றிப் பேசினார். வறுமையும் வீட்டு வேலையும் எத்தனை வாய்களை மூடின என்று கேட்டார். அந்தச் சிந்தனை 1978ஆம் ஆண்டில் 'மௌனங்கள்' என்னும் பொருள்படும் தலைப்பில் நூலாயிற்று.

ஆகா! மதீனத்துப் பெண்மணி கேட்ட கேள்வியை நினைவுகூருங்கள். அவருக்கு ஒரு நாள் கிடைத்தது. இழப்பைப் பற்றிக் கேட்டார். இவருக்கு ஈராண்டு கிடைத்தது. இவரும் இழப்பைப் பற்றியே கேட்டார். நேரம் பெற்ற பெண் முதலில் கேட்பது, அதுவரை எவரும் கேளாத கேள்வியையே!

குறையும் உண்டு

நடுநிலை தவறாது சொல்வதாயின், அந்நிலையத்திலும் குறை இருந்தது. தொடக்கத்தில் அங்கே இடம் பெற்றோர் பெரும்பாலும் வெள்ளை இனத்துப் பெண்கள். கல்வியும் வசதியும் முன்பே வாய்த்தவர்கள். பிறர் வீட்டில் பாத்திரம் துலக்கிய பெண்ணுக்கு அவகாசம் தருவார் யார்? கறுப்பின எழுத்தாளர் ஆலிஸ் வாக்கர் 1971 முதல் 1973 வரை அந்நிலையத்தின் உதவி பெற்றவர். அடிமைத்தளையில் உழன்ற தம் முன்னோரான பெண்களின் படைப்பாற்றல் எங்கே போயிற்று என்று 1974ஆம் ஆண்டில் வெளியான தம் கட்டுரையில் அவர் ஆராய்ந்தார். தோட்டத்திலும் தையலிலும் அது ஒளிந்து வாழ்ந்ததைக் கண்டு சொன்னார். அதுவும் அவகாசம் ஈன்ற கேள்வியே.

1978ஆம் ஆண்டில் அந்நிலையத்திற்கு மேரி பண்டிங்கின் பெயரே சூட்டப்பட்டது. 1999ஆம் ஆண்டில் ராட்கிளிஃப் முழுமையாக ஹார்வர்டுடன் இணைந்து உயராய்வு நிலையமாக மாறிற்று. இன்று ஆண்களுக்கும் அங்கே இடம் உண்டு. அந்த உயராய்வு நிலையத்தின் முதல் தலைவராய் 2001ஆம் ஆண்டில் அமர்ந்தவர் ட்ரூ ஃபாஸ்ட் என்னும் வரலாற்றறிஞர். 2007ஆம் ஆண்டில் அவரே ஹார்வர்டு பல்கலைக்கழகம் முழுமைக்கும் தலைவரானார். 371 ஆண்டுகளில் முதல் பெண் தலைவர். வாசலில் நிறுத்தப்பட்டோரின் வழிவந்தவர், வீட்டின் சாவியையே பெற்றார்.

நம் முன்னோரின் முறை

வாசகர்களே! இவை நமக்குப் புதியனவா? ஹிஜ்ரி 463இல் மக்காவில் மறைந்த கரீமா அல்மர்வஸிய்யா (ரஹ்) அவர்களிடம் ஸஹீஹுல் புகாரீயைப் பாடம் கேட்கப் பேரறிஞர்கள் பயணம் செய்து வந்தனர். வரலாற்றாசிரியர் கதீப் அல்பக்தாதீ (ரஹ்) அவர்களும் அவ்வாறு வந்தவரே. பக்தாதில் ஷுஹ்தா (ரஹ்) அவர்கள் ஹதீஸ் போதித்தார்கள். அழகிய எழுத்துக்கலைக்கும் பேர்பெற்றிருந்தார்கள். இத்தகைய பெண்மணிகள் ஏறத்தாழ பதினாயிரம் பேரின் வரலாற்றை மௌலானா முஹம்மது அக்ரம் நத்வீ அவர்கள் 43 தொகுதிகளாகத் திரட்டி 2021ஆம் ஆண்டில் வெளியிட்டுள்ளார்கள். தந்தை மகளைத் தம்முடன் பாடத்திற்கு அழைத்துச் சென்றதும், குடும்பம் அவள் நேரத்தைக் காத்துக் கொடுத்ததும் அவ்வரலாறுகள் பலவற்றின் பின்னே நிற்கின்றன.

இதனை எழுதும் அடியேன் ஏழாண்டுகள் மத்ரஸாவில் ஓதியவன். விடுமுறைக்கு வீடு திரும்பினால் கிதாபும் கையுமாகத் திண்ணையில் அமர்வேன். உணவு தட்டில் வரும். உடை துவைத்து மடித்து வரும். நான் உரக்க ஓதிய அரபு இலக்கணப் பாடங்களை என் தமக்கையார் அடுக்களையிலிருந்து கேட்டுக் கேட்டே மனனம் செய்திருந்தார். ஒரு நாள் நான் தடுமாறி நின்ற இடத்தில், உள்ளிருந்து அவரே அடியெடுத்துக் கொடுத்தார். வீட்டார் அனைவரும் வியந்து சிரித்தோம். பிறகு அவர் அரிசி களையப் போனார். நான் மீண்டும் ஓதத் தொடங்கினேன். அவரை எவரும் தடுத்ததில்லை. அவருக்கு நாளில் ஒரு நாழிகை ஒதுக்கித் தரவேண்டும் என்று எவருக்கும் தோன்றவுமில்லை. ஓதியவனான எனக்கும் தோன்றவில்லை. மறுமையில் அந்த நாழிகைகளைப் பற்றி நான் விசாரிக்கப்படுவேனோ என்னும் அச்சம் எனக்கு உண்டு.

இன்று நம் கையில்

பெண் கல்விக்கு நாங்கள் தடையில்லை என்று நாம் பெருமை பேசுகிறோம். தடையில்லாதிருப்பது மட்டும் போதுமா? மகள் பட்டம் பெறுகிறாள், மருமகளாகிறாள், அவள் கற்ற நூல்கள் பரண் ஏறுகின்றன. ஏன் என்று கேட்டால், நேரமில்லை என்கிறாள். அந்த நேரத்தை எடுத்துக்கொண்டவர் யார்? நாமன்றோ!

பல்கலைக்கழகம் கட்ட நம்மால் இயலாதிருக்கலாம். ஆனால் ஒரு நாளை ஒதுக்க இயலும். வாரத்தில் ஒரு பொழுது, வீட்டில் ஒரு மூலை, குழந்தையை ஏந்திக்கொள்ள ஒரு தந்தையின் கை. இவை எந்த வீட்டில் இல்லை? வீட்டில் நபியவர்கள் என்ன செய்வார்கள் என்று கேட்கப்பட்டபோது, குடும்பத்தாரின் பணிகளில் ஈடுபட்டிருப்பார்கள், தொழுகை நேரம் வந்ததும் எழுந்து செல்வார்கள் என்று அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவித்துள்ளார்கள். அகிலத்தின் அருட்கொடையாக வந்தவர்களுக்கே வீட்டுப் பணி இழிவாகவில்லை. நமக்கு மட்டும் ஆகுமோ? அன்னையார் அறிவித்த ஹதீஸ்கள் ஈராயிரத்துக்கு மேற்பட்டவை என்பதையும் இதனோடு சேர்த்து எண்ணிப் பாருங்கள்.

இன்று ஜும்ஆ நாள். தொழுகை முடிந்து வீடு திரும்பியதும், உங்கள் இல்லத்துப் பெண்ணிடம் ஒன்று கேளுங்கள். "உனக்கென ஒரு நாள் வேண்டுமா? எந்த நாள்?" என்று கேளுங்கள். அவள் சொல்லும் நாளைக் குறித்துக்கொள்ளுங்கள். குறித்த நாளைக் காத்துக் கொடுங்கள். அந்நாளில் அவள் கேட்கப்போகும் கேள்வி, நம் மக்களின் மக்களுக்கும் பயன்தருவதாக அமையலாம்.

எல்லாம் வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் பயனுள்ள கல்வியையும், அதனைப் பிறர்க்கு மறுக்காத நெஞ்சத்தையும் அருள்வானாக! ஆமீன்.